தெரு பார்க்காத ஷூ

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் பாத்திரக்கடைக்குள் செருப்புக் காலோடு யாராவது நுழைந்தால் வருகிற கோபம் எனக்கு வேறு எதற்கும் வருவதில்லை. "இன்னா சார், போர்டு கண்ணுக்குத் தெரியலயா? வெளிய விட்டுட்டு வாங்க" என்பேன். தமிழிலும் கன்னடத்திலும் நானே பெயின்ட்டால் எழுதி மாட்டிய போர்டு அது. கடை என்பது லட்சுமி இருக்கிற இடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக நானும் அந்தக் கடப்பாக்கல் தரையில் வெறுங்காலோடுதான் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் எனக்கும் முன்னால், பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே வந்து நின்றவர்.

அவர் நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும். எடைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பார். கொஞ்ச நேரம் வலது காலைத் தூக்கி இடது கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருப்பார், பிறகு காலை மாற்றிக்கொள்வார். "இன்னாங்க கொக்கு, மீன் மாட்டுச்சா?" என்று கேட்பேன். வாங்க வந்தவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அவர் அடுத்த காலுக்கு மாறுவார். கோபமே வராத மனுஷன், என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார்.

நாற்பத்தேழு வயதில் ஓட ஆரம்பித்தேன். சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தினதும், பக்கத்துத் தெரு டீச்சர் விடியற்காலையில் என்னை நடக்க இழுத்துக்கொண்டு போனாள். அவள் கணவர் இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அவள் எதையும் கணக்காகச் செய்வாள். ரெண்டு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓட்டம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். மூன்று மாதத்தில் நடை குறைந்து ஓட்டம் மிஞ்சியது. ஒரு நாள் கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் நிற்காமல் ஓடிவிட்டேன். பெங்களூர் ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் டிபன் பாக்ஸோடு நின்ற கூட்டத்தில் யாரோ, "அக்கா, ரயிலு இங்க நிக்கும்க்கா, தொரத்தாதீங்க" என்று கத்தினான். எனக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னிடம் விலை கேட்கமாட்டார்கள். குக்கர் கேஸ்கட் இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். சமையல், கடை, சொந்தபந்தம் எதுவும் அந்த ரோட்டில் இல்லை. பழைய தங்கச் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சைனைட் மண்மேட்டுக்குப் பின்னால் சூரியன் ஏறுகிறபோது ரோட்டில் என் கால் சத்தமும் டீச்சரின் கால் சத்தமும் மட்டும்தான் கேட்கும். என் வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் சொத்து அது. யாராவது அதைப் பிடுங்கினால் நான் சும்மா இருந்திருக்கமாட்டேன். கடைசியில் அதைப் பிடுங்கப் பார்த்தது என் குதிகால்தான்.

தப்பு என்னுடையது. முதலில் வெறும் கேன்வாஸ் செருப்பில் ஓடிக்கொண்டிருந்தேன். நல்லதாக ஒரு ஷூ வாங்கு என்று டீச்சர் நச்சரித்ததும் பஜாரிலேயே ஒரு கடைக்குப் போனேன். பாத்திரக்கடைக்காரிக்கு ஷூ வாங்கத் தெரியுமா? எங்களுக்குத் தெரிந்தது கனம் ஒன்றுதான். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், விரல் முட்டியால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வர வேண்டும். கனமில்லாத சட்டி அடிபிடிக்கும், நசுங்கும், வருஷத்தில் ஓட்டையாகும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதே கையால் ஷூவையும் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் சோல் தடிமனாக, மெத்தென்று இருந்த ஒரு ஜோடியைக் காட்டினார். தூக்கினால் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போனது. "இன்னாங்க இது, தெர்மாகோலா? யாரை ஏமாத்தறீங்க?" என்று கேட்டுவிட்டு, அலமாரியிலேயே கனமான ஒன்றைத் தேடி எடுத்தேன். தட்டினேன், கட்டை மாதிரி சத்தம் வந்தது. திருப்தியோடு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவரும் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கேஜு" என்றார், தகட்டுக் கனத்துக்கு எங்கள் கடைப் பேச்சு அது.

அந்த நல்ல கேஜ் ஷூவில் மூன்று மாதம் ஓடினேன். ஒரு நாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தபோது வலது குதிகாலில் ஆணி இறங்கியது போல இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து அடி நடந்ததும் குறைந்தது. சரி, சுளுக்கு என்று நினைத்தேன். மறுநாளும் ஆணி, அதற்கு மறுநாளும் ஆணி. சாயங்காலம் நாலு மணியானால் கடையில் அந்தக் கல் சுடுவது போல ஒரு எரிச்சல் வேறு.

வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் இன்னா ஆகும்? "அப்போ ஓடாத" என்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வயசில் எதுக்கு ரோட்டில் குதிக்கிறாள் என்று ஒரு கோஷ்டியே பேசிக்கொண்டிருந்தது. காலையில் அவர் எனக்கு முன்னாலேயே எழுந்து காபி போடப் போய்விடுவார், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அதனால் என் முதல் பத்து அடியை அவர் பார்க்க வழியில்லை. சமையலறைக்குள் நுழைகிறபோது நான் நேராகத்தான் நடப்பேன். டீச்சரிடம் மட்டும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள், அவள் கண்ணிலிருந்து யார் தப்பிக்க முடியும்.

அவள்தான் பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண்ணிடம் கூட்டிப்போனாள். என் மகள் வயதிருக்கும். அவளிடம் ஆணியை, கல் சூட்டை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். என் ஷூவை வாங்கி இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாள், வளையவில்லை. "ஆன்ட்டி, இதைப் போட்டுக்கிட்டு மைன்ஸ்ல ஷிஃப்டுக்குப் போலாம். ஓடக் கூடாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை. குதிகாலுக்கு அடியில் நிறைய மெத்தை உள்ள ஷூ, விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம், சாயங்காலம் கால் வீங்கியிருக்கிற நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். இன்னொன்றும் சொன்னாள். "ஆறு வாரத்துக்கு அப்புறம் வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா ஓட்டத்தை விட்டுடணும். சரியா?" நான் சரி என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து, நாலு மாதம் தள்ளி ஒரு நீள ஓட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் தொடங்கி, கோரமண்டல் போய், பாலகாட் சுரங்கத்துப் பக்கமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். அதே மாதிரி இன்னொரு சுற்று. மொத்தம் இருபத்தொரு கிலோமீட்டர். நான் ஓடுகிறேன் என்று பஜார் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். பூக்காரம்மா வரைக்கும் விஷயம் போயிருந்தது. அதுவா பெரிசு? ஓட்டமே போய்விட்டால் விடியற்காலையில் நான் எங்கே போவேன்?

ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சரோடு பெங்களூர் ரயில் ஏறினேன். பெரிய ஷூக் கடை. வாசலில் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட ஆள் என் காலையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். ஷூக் கடையில் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உள்ளே கன்னடமும் இங்கிலீஷுமாகப் பேசிய விற்பனையாளர் ஐந்து பெட்டிகளைத் திறந்து வைத்தார். என் கை தானாகவே நிறுத்துப் பார்க்கப் போனது. டீச்சர் பட்டென்று ஒரு அடி போட்டாள். "கையில போடறதில்லம்மா அது, கால்ல போடறது." போட்டேன். முதல் ஜோடி முன்பக்கம் பிடித்தது. இரண்டாவது அவ்வளவு மெத்தாக இருந்ததில் கணுக்கால் ஆடியது. மூன்றாவதின் சோல் நம்ம இட்லியை விட உயரம். பச்சை நிறத்தில், பார்க்கவே கோமாளித்தனமாக இருந்தது. அதைப் போட்டு எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது, இருபத்தாறு வருஷமாக நான் எதன் மேல் நின்றிருக்கிறேன் என்று. குதிகால் உள்ளே உட்கார்ந்தது, ஆனால் தரையைத் தொடவில்லை. கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்ததால் திரும்பிப் போகிற போது குனிந்து லேஸைச் சரிசெய்கிற மாதிரி நடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். கையில் தூக்கினார். "கேஜே இல்லியே" என்றார். கட்டை விரலால் சோலை அமுக்கினார். விட்டார், மறுபடியும் அமுக்கினார். சின்னப் பிள்ளை மாதிரி எத்தனை தடவை அமுக்குவீர்கள் என்று பிடுங்கி வைத்தேன்.

பச்சை ஷூ வந்த பிறகு ரோட்டில் வலி குறைந்துவிட்டது. அதிக தூரம் போனாலும்கூட ஓடுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் காலை ஆணி மட்டும் போகவில்லை, சாயங்காலச் சூடும் போகவில்லை. ஆறு வாரம் கழித்து அந்தப் பெண்ணிடம் போனேன். என் நாளை மணிக்கணக்கில் சொல்லச் சொன்னாள். ஒரு மணி நேரம் ஓட்டம், பத்து மணி நேரம் கடை, வெறுங்கால், கடப்பாக்கல் என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ரோடு உங்கள ஒண்ணும் பண்ணல. கடைதான் பண்ணுது. இந்த மாதிரி ஷூவை கடைக்குள்ளயும் போடுங்க. இல்லன்னா ஓடறத நிறுத்துங்க. ரெண்டுல ஒண்ணு."

கடைக்குள் ஷூவா? நானா? போர்டு எழுதியவள் நான். போன வருஷம் தொழிற்சாலையிலிருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர், இடுப்பு வலியோடு, லேஸ் கட்டின ஷூவில் வந்தபோது, அவரையே வாசலில் உட்கார வைத்துக் கழற்றச் சொன்னவள் நான். குனிய முடியாமல் அவர் பட்ட பாட்டை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் மட்டும் போடுவது?

அன்று கடையில் என் வீட்டுக்காரரிடம் சுருக்கமாகச் சொன்னேன். "கடையில ஷூ போடணுமாம். இல்லன்னா ஓடக் கூடாதாம். நான் ஓட்டத்த விட்டுடறேன்." அவ்வளவுதான் சொன்னேன். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன். அவர், "உம்" என்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறேன், இந்த மனுஷன் உம் என்கிறார். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினேன்.

இரண்டு நாள் நான் ஓடப் போகவில்லை. மூன்றாம் நாள் அவர், சரக்கு எடுக்க பெங்களூர் போகிறேன் என்று காலை ரயிலுக்குக் கிளம்பினார். சாயங்காலம் சரக்கு எதுவும் இல்லாமல், ஒரே ஒரு பையோடு வந்து நேராகக் கடைக் கிடங்குக்குள் போனார். நான் கண்டுகொள்ளவில்லை. ஊமைச் சண்டை அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கடை திறந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். சாம்பிராணி புகை நடுவே லட்சுமி படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தது. அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் ஒரு ஜோடி ஷூ. என் பச்சை ஷூவின் அதே ரகம், நிறம் மட்டும் மஞ்சள். இரண்டின் மூக்கிலும் சந்தனம் வைத்து குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

"இன்னாங்க இது கூத்து?"

"இது தெரு பாக்காத ஷூ" என்றார். "பெட்டியோட வந்துச்சு, பெட்டியோட உள்ள வந்துச்சு. மண்ணுல பட்டதே இல்ல. இனிமேலும் படாது. தராசு மாதிரி இதுவும் கடை சாமான். ஆயுத பூஜைக்குத் தராசுக்குப் பொட்டு வெக்கறோம் இல்ல, அதேதான்."

கற்பூரம் காட்டினார். இருபத்தாறு வருஷத்தில் அவர் மொத்தமாகப் பேசியதே அவ்வளவு நீளம் இருக்காது. கும்பிட்டுவிட்டு, அந்தப் பொட்டு அழியாமல், மெதுவாகக் காலை உள்ளே விட்டேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? மூன்றாம் நாளே அந்த ரிட்டயர் ஆன பெரியவர் இட்லித் தட்டு வாங்க வந்தார். வாசலில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கொண்டே நிமிர்ந்தவர் என் காலைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?" எனக்கு முகம் சிவந்தது. என் வீட்டுக்காரர்தான் தெரு பார்க்காத கதையைச் சொன்னார். பெரியவர் பொட்டை உற்றுப் பார்த்தார். "அப்போ நானும் ஒரு ஜோடி கொண்டாந்து இங்கயே வெச்சிட்டுப் போறேன், வரும்போது போட்டுக்கறேன்" என்றார். கடையே சிரித்தது. நான் முதல் முறையாக வாசலில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். அந்த ஸ்டூல் இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நாலாவது வாரத்தில் காலை ஆணி காணாமல் போனது. ஒரு நாள் எழுந்து குளியலறைக்குப் போய்ப் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான், வலிக்கவே இல்லையே என்று ஞாபகம் வந்தது. வாயில் நுரையோடு அங்கேயே இரண்டு குதி குதித்தேன்.

நீள ஓட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமை. முப்பது பேர் இருந்தோம். டீச்சர் எனக்கு முன்னால் போகக் கூடாது என்று ஒப்பந்தம், இருந்தும் போய்விட்டாள். முதல் சுற்று கேலியும் பேச்சுமாகப் போனது. இரண்டாவது சுற்றில் பாலகாட் பக்கம் காற்று எழும்பி மண்மேட்டுத் தூசி கண்ணை மறைத்தது. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினேன். தொடை கெஞ்சியது, தோள் கெஞ்சியது. குதிகால் மட்டும் வாயே திறக்கவில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் நடை பாதி ஓட்டம் பாதி. பஜாரில் நுழைந்தபோது பூக்காரம்மா எழுந்து நின்று கை தட்டினாள். முடித்துவிட்டேன். கடைசி நாலு பேருக்கு முன்னால் வந்தேன், அது போதும்.

அப்படியே கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வியாபாரம். வாசலில் பச்சை ஷூவைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் ஷூ லேஸ் தளர்த்தி, நான் காலை விடத் தோதாகத் திருப்பி வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் எடைத் தட்டுக்குப் பக்கத்தில் வழக்கம் போல ஒற்றைக் காலில் நின்றிருந்தார். சந்தோஷத்தில் எனக்கு வாய் ஓயவில்லை. பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஆமா, ஷூவுன்னா இன்னான்னே தெரியாத ஆளு நீங்க. சரியா இதையே எப்படிப் புடிச்சீங்க? பழைய பெட்டியக் காட்டினீங்களா?"

"பெட்டி எடுத்துட்டுப் போக மறந்துட்டேன், சைஸ் மட்டும் ஞாபகம் இருந்துச்சு. கடைக்காரரு எங்க வலின்னு கேட்டாரு, சொன்னேன். அவரே எடுத்துக் கொடுத்தாரு."

"இன்னா சொன்னீங்க?"

"காலையில மொத அடி வெச்சா குதிகால்ல ஆணி எறங்கும். பத்து அடி நடந்தா கொறயும். நாலு மணிக்கு மேல கல்லு சுடற மாதிரி திரும்ப வரும்னு சொன்னேன்."

நான் லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினேன். "அதெல்லாம் நான் உங்க கிட்ட சொல்லவே இல்லியே."

அவர் வலது காலை இறக்கிவிட்டு இடது காலைத் தூக்கினார். பாதி தூக்கினவர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். வைக்கும்போது அவர் முகம் சுருங்கியது. இருபத்தாறு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். காலையில் எனக்கு முன்னால் எழுந்து போவது காபிக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"எத்தனை வருஷமா?"

"யாரு கணக்கு வெச்சா?"

"ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?"

எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. "அங்க போயி நின்னீங்களே, உங்களுக்கும் ஒரு ஜோடி எடுக்கறதுதானே?" என்று கத்தினேன். பித்தளைக் குடம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு ஓட்டம் இருக்குது" என்றார். "எனக்கு இன்னா, நிக்கறதுதானே."

கொக்கு என்று கூப்பிட்ட அத்தனை நாளும் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை நானும் அவரும் ரயில் ஏறினோம். கடைக்கு வெளியே பூட்டு, "இன்று விடுமுறை" என்று ஒரு அட்டை. சாயங்காலம், கால் வீங்கியிருக்கிற நேரம் பார்த்து ஷூக் கடைக்குள் நுழைந்தோம். வாசலில் அவரும் செருப்பைக் கழற்றினார். கதவுக்காரர் இந்தத் தடவை காலைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஷூவை எடுத்ததும் கையில் நிறுத்துப் பார்க்கப் போனார். நான் பட்டென்று ஒரு அடி போட்டேன்.

வெள்ளிக்கிழமை தாம்பாளத்தில் நீல ஷூ ஒரு ஜோடி இருந்தது. இந்தத் தடவை சந்தனமும் குங்குமமும் நான் வைத்தேன். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மேல், ஒருவருக்குக் குக்கர் காட்டிக்கொண்டிருந்தபோது ஏதோ நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எடைத் தட்டுக்குப் பக்கத்தில் அவர் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தார்.